மருந்துச்சீட்டும் மனுவும்: மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் கூட்டுப் பயிற்சி

பாஸ்டன் நகர மருத்துவமனையின் குழந்தை நலத் துறையில் 1993இல் ஒரு வழக்கறிஞர் பணியமர்த்தப்பட்டார். துறைத் தலைவர் பேரி சக்கர்மனை அதற்குத் தூண்டிய அனுபவம் இதுதான்: ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுத்து அனுப்பிய குழந்தைகள் மீண்டும் மூச்சிரைப்போடு வந்தார்கள், அவர்கள் குடியிருந்த வாடகை வீடுகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வீட்டு உரிமையாளரைப் பழுதுபார்க்க வைக்கும் விதிகள் மாசசூசெட்ஸில் இருந்தன. அவற்றைக் கையிலெடுக்க ஏழைத் தாய்க்குத்தான் ஆள் இல்லை. மருத்துவர்-வழக்கறிஞர் கூட்டுப்பணி அங்கிருந்து மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது.

இதற்குப் பயிற்சி என்றதும் மருத்துவ மாணவர்க்குச் சட்ட வகுப்பும் சட்ட மாணவர்க்கு நோயியல் வகுப்பும் நடத்திவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். அந்த முயற்சி இடம் தவறியது என்பது என் வாதம். மருத்துவர் சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாடகையையும் மின்இணைப்பையும் பற்றி நோயாளியிடம் கேட்கவும், வழக்கில் நிற்கும்படி கடிதம் எழுதவும் தெரிய வேண்டும். ‘இக்குழந்தைக்கு ஆஸ்துமா, நல்ல வீடு தேவை’ என்ற கடிதத்தை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும். மூச்சிரைப்பு வந்த தேதிகள், பூஞ்சணம் அதைத் தூண்டும் விதம், சரிசெய்ய வேண்டிய சுவர், தாமதித்தால் நேரக்கூடியது ஆகியவற்றை எழுதினால் அதே கடிதம் சான்றாகிறது. வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித்தான் இதைக் கற்பிக்க முடியும்.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் இரகசியம். குழந்தை வதைக்கப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் மாசசூசெட்ஸ் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கட்டாயப் பட்டியலில் வழக்கறிஞர் இல்லை. கட்சிக்காரர் சொன்னதைக் காப்பதே அவர் கடமை. தாய் மனம்விட்டுச் சொன்னதை வழக்கறிஞர் வராந்தாவில் மருத்துவர் காதில் போட்டால், அதிகாரிகள் அவள் வீட்டுக் கதவைத் தட்டக்கூடும். எதை யாரிடம் சொல்லலாம், எதற்கு ஒப்புதல் பெற வேண்டும் என்பதை இரு துறை மாணவரும் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு வாதாடிப் பழக வேண்டும்.

இப்பாடத்தை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்துவர இயலாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வழக்கறிஞர்க்கு அதில் வெளிப்படையான விலக்கு இல்லை. கருக்கலைப்பு நாடும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளது அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இரவுப் பணியிலிருக்கும் பயிற்சி மருத்துவர்க்கு இது தெரியாவிட்டால் அந்தத் தீர்ப்பால் சிறுமிக்கு என்ன பயன்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் நேரடியாகவே பேசுகிறது. இலவச சட்ட உதவி பெறும் உரிமையை நோயாளிக்குத் தெரிவிப்பதை, மனநல நிலையத்தின் பொறுப்பு மருத்துவர்க்கும் உரிய கடமையாக அதன் 27ஆம் பிரிவு விதிக்கிறது. உதவி செய்ய மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் இருக்கின்றன. மதுரை, திருநெல்வேலி, செங்கல்பட்டு ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியும் அரசு சட்டக் கல்லூரியும் உள்ளன. கூட்டுப் பயிற்சியைப் பயிற்சி மருத்துவர் ஆண்டிலேயே அங்கு தொடங்க வேண்டும்.