கருணைக் கொலை: ஒரு சொல்லின் வரலாறு

தீராப் பிணியால் துன்புறுவோரின் உயிரை இரக்கத்தால் முடித்தலைக் 'கருணைக் கொலை' என்கிறோம். இதனைக் 'கருணையால் நிகழும் கொலை' என விரிப்பர். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை இது. காரணம் கருணையாயினும் செயல் கொலையே என்பதை இத்தொடர் மறைக்கவில்லை.

மேலைநாட்டார் வழங்கும் 'யூதனேசியா' கிரேக்க மொழியினின்று பிறந்தது. 'நல்ல சாவு' என்பதே அதன் பொருள். உரோமப் பேரரசர் அகஸ்டஸ் துன்பமின்றி இறந்தமையைக் கூறுமிடத்துச் சுவெட்டோனியஸ் அச்சொல்லை ஆண்டார். பிறரால் உயிர் முடிக்கப்படுதல் என்னும் பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது.

பண்டைத் தமிழர் தாமே உயிர்துறத்தலை அறிந்திருந்தனர். சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்ததையும், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து மாண்டதையும் புறநானூறு கூறும். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இவற்றில் முடிவு செய்தவரும் இறந்தவரும் ஒருவரே. ஆதலின் இவை கருணைக் கொலையாகா.

விருதுநகர் வட்டாரத்துத் 'தலைக்கூத்தல்' வேறுவகையது. படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டி இறக்கச் செய்யும் இவ்வழக்கம் 2010ஆம் ஆண்டில் நாளேடுகளில் வெளிப்பட்டது. தலைக்கு நீர் ஊற்றுதலை மட்டுமே பெயர் சொல்கிறது. கொலை அதனுள் மறைந்து நிற்கிறது. அம்முதியவரின் இசைவைக் கேட்டவர் யார்?

மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973ஆம் ஆண்டில் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி, நினைவிழந்தவராய் நாற்பதாண்டுகளுக்கு மேல் கிடந்தார். அவர் பொருட்டுத் தொடுத்த வழக்கில், 2011ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை; எனினும் உயிர்காப்புச் சிகிச்சையைக் கடும் நெறிகளுக்குட்பட்டு நிறுத்தலாம் என்றது. பேணி வந்த செவிலியரோ அவரைக் கைவிட விரும்பவில்லை. 2015ஆம் ஆண்டு அவர் நோயால் இறந்தார். கண்ணியத்தோடு இறத்தலும் அடிப்படை உரிமையின் பாற்பட்டதே என 2018ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஞ்சூட்டி உயிர்முடித்தலை இத்தீர்ப்புகள் ஏற்கவில்லை.

மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் இரக்கத்தால் பிறர் உயிரை முடித்தல் இங்குக் குற்றமே.

சிகிச்சையை நிறுத்துதல், மருந்தால் உயிர்முடித்தல், இசைவின்றி முதியவரைக் கொல்லுதல் ஆகிய மூன்றையும் ஒரே தொடரால் சுட்டுவது இன்றைய வழக்காகிவிட்டது. சுங்கை வேயிலோ கிள்ளானிலோ இப்பொருள் பற்றிக் கட்டுரை வரையும் மாணவர், யாருடைய விருப்பம், யாருடைய கை, யாருடைய உயிர் என மூன்றையும் வினவிய பின்னரே இச்சொல்லை எழுதுதல் வேண்டும். சொல் பிழைப்பின் ஈண்டுக் கெடுவது இலக்கணம் மட்டுமன்று; ஓர் உயிரும் ஆகலாம்.