எக்மோ: 30 வருஷம் பிந்திய பாடம்

எக்மோ என்றதும் நமக்கு 2020, எஸ்.பி.பி. ஞாபகம்தான் வரும். ஆனா 1971லேயே கலிஃபோர்னியாவில் ஒருத்தரைக் காப்பாற்றியிருக்கு. விபத்தில் நுரையீரல் செயலிழந்த 24 வயது இளைஞர். அவர் ரத்தத்தை வெளியே எடுத்து, சவ்வு வழியாக ஆக்ஸிஜன் ஏற்றி, 75 மணி நேரம் திருப்பி அனுப்பியது டாக்டர் டொனால்ட் ஹில் குழு.

அப்புறம் அமெரிக்காவில் 90 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1979இல் முடிவு வந்தது: எக்மோ வைத்தாலும் வைக்காவிட்டாலும் பிழைத்தது சுமார் பத்தில் ஒருவர்தான். பெரியவர்களுக்கு இது சரிப்படாது என்று பெரும்பாலானோர் கைவிட்டார்கள்.

கோளாறு எங்கே? எக்மோ ஓடும்போதே வென்டிலேட்டரையும் அதிக அழுத்தத்தில் ஓட்டியதால், புண்பட்ட நுரையீரலுக்கு ஓய்வே கிடைக்கலை. 1975இல் பச்சைக் குழந்தையைக் காப்பாற்றிய ராபர்ட் பார்ட்லெட் விடாமல் தொடர்ந்தார்.

2009இல் வெளிவந்த பிரிட்டனின் சீசர் ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63% பேர் ஆறு மாதம் கழித்தும் ஊனமின்றி உயிரோடிருந்தார்கள், மற்றவர்களில் 47%.

எக்மோ நோயைக் குணப்படுத்தாது. நுரையீரல் தானே ஆறும்வரை அவகாசம் தரும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியவே 30 வருஷம் ஆகியிருக்கு.