ஈமமும் ஊழியமும்: யாழ்ப்பாணத்து மரணச் சடங்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் தன் இறந்தோரை வழியனுப்பும் முறையைக் கொண்டு, அச்சமுதாயத்தில் வாழ்வோர் ஒருவரையொருவர் நடத்திய முறையையும் அறிந்துகொள்ளலாம். மரணத்தின்முன் யாவரும் சமம் என்பர். ஆயின் யாழ்ப்பாணத்து மயானங்களின் வரலாறு இக்கூற்றை எளிதில் ஏற்க இடந்தருவதில்லை.

பண்டைத் தமிழரிடையே ஈமமுறை ஒன்றாக இருக்கவில்லை. சுடுதல், வெறுமனே இடுதல், குழியிற் புதைத்தல், தாழியிற் கவித்தல் முதலியவை அருகருகே நிலவியமையை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டப் பகுதி காட்டுகின்றது. ஈழத்திலும் இதற்குச் சான்றுகள் உள. பொம்பரிப்பில் எலும்புகளைக் கொண்ட தாழிகள் கிடைத்தன. 1980ஆம் ஆண்டு ஆனைக்கோட்டையில் நடைபெற்ற அகழ்வில், நீட்டிக் கிடத்தி அடக்கஞ் செய்யப்பெற்ற எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எனவே, தகனமே சைவத் தமிழரின் பொதுவழக்காக நிலைபெற்றது பிற்கால வளர்ச்சியே எனலாம்.

நிலவுடைமைச் சமுதாயத்தில் ஈமச்சடங்கு குடிமைமுறையோடு பிணைந்திருந்தது. செத்தவீட்டில் வெள்ளை கட்டுவதும் நிலபாவாடை விரிப்பதும் சலவைத் தொழிலாளரின் கடமை; சுடலையில் கொள்ளி வைப்பவனுக்குத் துணைநிற்பது சவரத் தொழிலாளரின் கடமை; பறையறைவது இன்னொரு சாராரின் கடமை. சுண்ணம் இடித்தல், வாய்க்கரிசி இடல், நெய்ப்பந்தம் பிடித்தல் ஆகியன உறவினரின் உரிமைகளாகப் போற்றப்பட்டன. ஆனால் குடிமக்களின் பணியோ பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியமாயிற்று. அதற்கு ஈடாக அவர்கள் பெற்றது பெரும்பாலும் நெல்லும் பிற பொருள்களுமே. ஒருவருக்கு உரிமையாகவும் மற்றவருக்கு ஊழியமாகவும் ஒரே சடங்கு அமைந்தமை ஈண்டு கருதத்தக்கது.

1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் மயானங்களைச் சட்டவரம்புக்குள் கொண்டுவந்தது. எனினும் சாதிவரம்பு அகலவில்லை. 1944இல் யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில் ஒடுக்கப்பட்டோர் தம் இறந்தவரைத் தகனஞ் செய்ய முற்பட்டபோது ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பிணத்திற்கு நெருப்பிடும் உரிமைக்காக உயிரொன்று பலியாயிற்று! பின்னர் பறையறைய மறுத்தல் சாதி எதிர்ப்பின் ஒரு வடிவமாயிற்று. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், அறுபதுகளின் பிற்பகுதியில் எழுந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களும் குடிமைமுறையின் அத்திவாரத்தை மேலும் அசைத்தன.

ஊழியம் தளர்ந்த இடத்தில் வணிகம் புகுந்தது. பாடையின் இடத்தைப் பெட்டியும், தோளின் இடத்தைப் பிரேதவண்டியும் பெற்றன. அயலார் சேர்ந்து போட்ட பந்தலுக்குப் பதிலாகக் கூடாரம் வாடகைக்கு வந்தது. பறையொலி கேட்டுச் சாவை அறிந்த ஊர், வானொலியின் மரண அறிவித்தலாலும் பத்திரிகையாலும் அறியலாயிற்று. உறவினர் கடல்கடந்து சிதறியபின், அவர்கள் வந்துசேரும்வரை உடலைப் பதப்படுத்திவைக்கும் தேவை எழுந்தது. இதனால் மலர்ச்சாலைகள் பெருகின. பணங்கொடுத்துப் பெறும் சேவையில் பிறப்பின் கட்டாயம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் செலவு புதியதோர் ஏற்றத்தாழ்வைத் தோற்றுவித்தது. பிணத்தைத் தொட்டு உழைப்பவன்மீதான இழிவுநோக்கும் முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுதற்கில்லை.

போர்க்காலமோ சடங்கையே கேள்விக்குள்ளாக்கியது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போதும், 2009இல் வன்னியின் இறுதி நாள்களிலும் மாண்டோர் பலருக்குப் பந்தலுமில்லை, பறையுமில்லை. காணாமற்போனோரின் குடும்பங்களுக்குக் கொள்ளி வைக்க உடலே இல்லை. எட்டுச்செலவுக்கும் கீரிமலை அந்தியேட்டிக்கும் நாள் குறிக்க இயலவில்லை. சடங்கு வெறும் ஆடம்பரமன்று, துயரத்திற்கு ஓர் எல்லையிடும் ஏற்பாடு என்பதை அதன் இன்மையே உணர்த்திற்று.

ஆகவே, பழைய முறை அழிந்ததென்று வருந்துவதோ, புதியது வந்ததென்று மகிழ்வதோ மட்டும் போதாது. முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் கல்வெட்டு நூல்கள் இறந்தவரின் குலமுறையைப் பாடுகின்றன. வெள்ளை கட்டியவரின் பெயரையோ பறையறைந்தவரின் பெயரையோ அவை கூறுவதில்லை. அப்பெயர்களைத் தேடி எழுதும் கடமை வரலாற்று மாணவரைச் சார்ந்ததாகும்.