செட்ஸி ஈயை உதறிய ஒட்டுண்ணி

1880ஆம் ஆண்டு. இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில் ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் கண்டு, கால் வீங்கி, எலும்பும் தோலுமாகிச் செத்துக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் அதை சர்ரா என்றார்கள். வேல்ஸிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ் நோயுற்ற குதிரையின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தபோது, சிவப்பணுக்களுக்கு நடுவே ஓர் உயிர் நெளிந்தோடியது. அந்த இரத்தத்தை நல்ல குதிரைக்குச் செலுத்திப் பார்த்தார். அதற்கும் சர்ரா வந்தது. அந்த உயிரிதான் நோய்க்குக் காரணம் என்று அவர் சொன்னதை மேலிடம் ஏற்கவில்லை. பாலூட்டிகளுக்கு நோய் தரும் டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணிகளில் முதலில் கண்டறியப்பட்டது அதுதான். பின்னாளில் அவர் பெயராலேயே டிரிப்பனோசோமா இவான்ஸி ஆனது.

அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. அங்குள்ள அதன் மூதாதைக்குச் செட்ஸி ஈயின் வயிற்றில் வளர்ந்தாக வேண்டிய கட்டாயம் உண்டு. அதனால் அந்த ஈ பறக்கும் எல்லைக்குள்ளேயே அதன் வாழ்வும் முடிந்தது. ஈயின் உடலில் பிழைக்கத் தேவையான மரபணுக்களை அந்த மூதாதையின் ஒரு கிளை இழந்துவிட்டது; அதுதான் இவான்ஸி. செட்ஸிக்குள் இனி அதனால் வாழ முடியாது. ஆனால் இழப்பே அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. மாட்டைக் கடிக்கும் பெரிய டபானஸ் ஈயின் வாயில் ஒட்டியிருக்கும் ஈர இரத்தமே அதற்குப் போதும். பாதிக் கடியில் விரட்டப்பட்ட ஈ பக்கத்து விலங்கின் மேல் உட்காரும் அந்தச் சில நிமிடங்களில் அது இடம் மாறிவிடும். ஒட்டகங்களோடு வட ஆப்பிரிக்கா, அரேபியா வழியாகக் கிழக்கே வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தென்னமெரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவாலும் அதைச் சுமக்கிறது.

இத்தனை தூரம் அது ஓசையின்றி வர முடிந்ததற்குக் காரணம், அதைப் பிடிப்பது கடினம் என்பதே. விலங்கின் காது நுனி இரத்தக் குழாயைக் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடி உடனே பார்க்க வேண்டும். முதலில் ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போகலாம். ஓரிடத்துச் சிவப்பணுக்கள் இடிபட்டு ஆடுவதைத்தான் காண்போம். இன்னொரு சொட்டை மெல்லிய படலமாக இழுத்து உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமிட்டால் நீல உடலும் செவ்வூதாக் கருவும் சாட்டை போன்ற கசையிழையும் துலங்கும்.

ஆனால் நாளை அதே விலங்கின் ஸ்லைடு வெறுமையாக இருக்கலாம். மேலுறைப் புரதத்தை அது மாற்றிக்கொண்டே இருப்பதால், எதிர்ப்புசக்தி ஒரு கூட்டத்தை அழிக்கும்போது வேறு உறை கொண்டவை பெருகுகின்றன. இரத்தத்தில் அதன் எண்ணிக்கை அலையலையாக ஏறி இறங்கும். இறக்கத்தில் எடுத்த சொட்டில் ஒன்றும் இராது. அதனால்தான் நுண்குழாயில் இரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களுக்கு மேல் படியும் வெள்ளை அடுக்கின் விளிம்பில் தேடுகிறார்கள். அட்டையில் சீரத்தைக் கலந்து திரிகிறதா என்று பார்க்கும் சோதனை எதிர்ப்பொருளைக் காட்டும்; ஆனால் நோய் தீர்ந்த பிறகும் எதிர்ப்பொருள் பல காலம் தங்கும். பிசிஆர் சோதனை அதன் டிஎன்ஏவையே தேடுகிறது. ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பெழுதக் கூடாது.

குதிரையில் சர்ரா வேகமாகக் கொல்லும். ஒட்டகத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ராஜஸ்தானில் அதை மூன்றாண்டு நோய் என்ற பொருளில் திபர்சா என்பார்கள். எருமையிலோ பல சமயம் வெளியே தெரியாது. பால் குறையும், கரு கலையும், அவ்வளவுதான். நோய் தெரியாத இந்த விலங்குகள்தான் மற்றவற்றுக்கு ஆபத்து. 2000 ஜூலையில் ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலிகள் உட்படப் பல புலிகள் டிரிப்பனோசோம் தாக்கி அடுத்தடுத்து மாண்டன. புலியின் காதைக் குத்த நினைத்த நேரத்தில் முடியாது. அதைச் சுற்றி வாழும் மாடுகளின் இரத்தத்தையும் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்து விவசாயி ஒருவரின் இரத்தத்திலும் அது தென்பட்டது. இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் ஏபிஓஎல்1 என்ற புரதம் அவர் உடலில் வேலை செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. சுராமின் மருந்து அவரைக் காப்பாற்றியது. 2006இல் கேனரி தீவுகளிலிருந்து வாங்கிவந்த ஒட்டகங்களோடு இந்த ஒட்டுண்ணி பிரான்ஸின் ஒரு பண்ணைக்கே போய்ச் சேர்ந்தது.

விலங்குகளுக்கும் டிமினசீன், குயினாபிரமின் போன்ற மருந்துகள் உண்டு. தாமதமாவது கண்டுபிடிப்பதில்தான். சந்தைக்கும் பூங்காவுக்கும் எல்லை தாண்டியும் போகும் விலங்கை, அது நலமாகத் தெரியும்போதே, ஒரு முறைக்கு இரு முறை, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சோதித்தாக வேண்டும். ஒரு வெறும் ஸ்லைடை நற்சான்றாக ஏற்கும் வரை இதன் பயணத்துக்கு நாமே வழிவிடுகிறோம்.