கணிப்பொறியைப் புதுப்பிக்கும் கலை

கட்டி முடித்த வீட்டையும் காலந்தோறும் செப்பனிட வேண்டும். கணிப்பொறியின் மென்பொருளுக்கும் இது பொருந்தும். அதன் குறைகள் பெரும்பாலும் பின்னரே புலப்படும். அவற்றை நீக்கிய புதிய பதிப்பு, பயன்படுத்துவோர் ஒவ்வொருவரையும் சென்றடைதல் வேண்டும். இக்காரியம் எளிதான வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். 1993-இல் இயன் மர்டாக் ‘டெபியன்’ என்னும் தொகுப்பைத் தொடங்கினார். ஒரு மென்பொருளை நிறுவப் புகுந்தால் அது மற்றொன்றை வேண்டும். அது வேறொன்றை நாடும். இச்சங்கிலியைப் பயனரே தொடர்ந்து சென்று அல்லலுற்றனர். 1999 மார்ச்சில் டெபியன் 2.1 பதிப்புடன் வந்த ‘ஆப்ட்’ என்னும் கருவி இத்துன்பத்தைத் தணித்தது. கட்டளை ஒன்றிட்டால் போதும். வேண்டியவற்றை அதுவே கண்டறிந்து, களஞ்சியத்திலிருந்து கொணர்ந்து, முறைப்படி அமைக்கும். 2007-இல் வெளிவந்த 4.0 பதிப்பில், களஞ்சியத்தின் இலக்கக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதியும் சேர்ந்தது. பழைய ஓலைகளுக்கு அரக்கு முத்திரை எப்படியோ, இதற்கு அக்கையொப்பம் அப்படி.

நாம் வாழும் பெங்களூரில் 2001-இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு தொடங்கிற்று, 2005-இல் ‘ஃபாஸ்.இன்’ என்று பெயர் பெற்றது. பிறர் ஆக்கியதைத் துய்ப்பதோடு நில்லாமல் நாமும் ஆக்க வேண்டும் என்பதே அங்கு வலியுறுத்தப்பெற்ற கருத்து. 2007-இல் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்தியத் தொகுப்பை வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு 2011-இல் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாற்றில் தனி அக்கறை உண்டு. புதுப்பிக்கும் கருவி சில வேளை, ‘இவை நீக்கப்படும், தொடரலாமா?’ என்று வினவும். வினா விளங்காமல் ‘ஆம்’ என்று விடையளிப்பவர், தமக்கு வேண்டியதையே இழக்கக்கூடும். விளங்காத அச்சத்தால் ‘இல்லை’ என்று ஒதுக்குபவரின் பொறியோ, பழைய குறைகளுடனேயே நின்று கள்வருக்கு வழிவிடும். ஆகவே, தெளிவான சொல் இங்கே அலங்காரமன்று, பாதுகாப்பு.

தமிழ்ச் சொற்றொடர்களும் இதே வழியிலேயே வந்து சேர்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. பெங்களூரில் ஒருவர் திருத்தும் சொல் ஏற்கப்பட்டால், அது அடுத்த பதிப்பில் யாழ்ப்பாணத்தையும் சிங்கப்பூரையும் அடையும். பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பற்ற நம் குழந்தைகள் இல்லத்துத் திரையிலேனும் தமிழைக் காணட்டும். மொழியையும் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் நம் கடமையன்றோ!