பழவேற்காட்டில் கல்லுக்குக் கிடைத்த காவல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் பழவேற்காடு, விஜயநகர ஆட்சிக் காலத்திலேயே பெயர்பெற்ற துறைமுகம். 1610-இல் அங்குக் காலூன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு இடம்பெயரும் வரை அதையே சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தது. உள்ளூர் நெசவாளர்களின் துணியோடு, பஞ்சத்திலும் போரிலும் விற்கப்பட்ட மனிதர்களையும் அடிமைகளாக இத்துறையிலிருந்து பட்டாவியாவுக்கு அது கப்பலேற்றியது. கோட்டை இன்று புதர் மூடிய மேடாகிவிட்டது. அதன் அருகே வணிகர்களும் அதிகாரிகளும் புதைக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டமோ இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது.

அக்காவலுக்கு அடிப்படையான 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுக்கிறது. கல்லிலிருந்து தூரத்தை அளந்து காக்கும் இச்சட்டத்தில், அதே ஊரார் ஏரி நீரில் பேணிவரும் மரபுக்கு இடமில்லை.

அம்மரபின் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய, இறால் மிகுதியாகக் கிடைக்கும் மீன்பிடி இடங்களை எவரும் நிரந்தரமாகக் கைப்பற்றிவிடாதபடி, சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார், நல்ல இடமும் மெலிந்த இடமும் எல்லோருக்கும் மாறிமாறி வரும்படி இதை நடத்திவந்துள்ளனர். அரசின் உதவியின்றி ஒரு பொதுவளத்தைப் பங்கிட மீனவர்கள் தாமே கண்ட இந்த நெறி, கல்லறைச் சிற்பங்களுக்கு எவ்வகையிலும் குறைந்த மரபுச் செல்வமன்று.

ஆயினும் பாட்டின் பங்கு, அச்சமூகத்தில் பிறந்த மணமான ஆண்களுக்கே உரியது. பெண்களுக்கு அதில் பெயரில்லை. வலையின்றி நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், பிற்காலத்தில் மீன்பிடிப்புக்கு வந்த பட்டியல் சாதியினரும் அதற்கு வெளியே நிற்கின்றனர். ஆகவே, கைவினை, சடங்கு, அறிவு போன்ற தொட்டறிய இயலாத மரபுகளைக் காக்கும் 2003-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை 2005-இல் ஏற்ற இந்தியா, பாட்டை அது உள்ளபடியே மரபாக அறிவித்தால், பகிர்வு நெறியோடு அதன் சாதி வேலியும் காக்கப்பட்டுவிடும். குலுக்கலும் முறையும் மட்டுமே காக்கத் தக்கவை, வேலி அகற்றத் தக்கது.

விலக்கப்பட்டோருக்கு ஒரு வழி வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சரணாலயங்களையும் வனநிலத்துக்குள் அடக்கி, நீர்நிலைகளின் மீன்வளத்தைப் பயன்படுத்தும் மரபை ஊராரின் கூட்டுரிமையாக ஏற்கிறது. பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக இருப்பதாலும், இருளர் பட்டியல் பழங்குடியினர் என்பதாலும், பிறரைப் போல மூன்று தலைமுறை வாழ்வுக்குச் சான்று காட்டாமலே, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அங்கு வாழ்ந்து அவ்வளத்தைச் சார்ந்திருந்ததைக் கொண்டே அவர்கள் கிராம சபையில் அவ்வுரிமையைக் கோரலாம்.