கோப்புப் பெயர்க் குறியாக்க மாற்றம்

கணினிக் கோப்பின் பெயரை ஓர் எழுத்துக் குறியாக்கத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றும் பணி. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இயங்கவேண்டிய மென்பொருளுக்கு இது தவிர்க்க முடியாதது. உள்ளடக்கம் குழம்பினால் படிக்க முடியாது. பெயர் குழம்பினாலோ கோப்பையே திறக்க முடியாமல் போகலாம்.

யூனிகோடு பரவுமுன் தமிழில் திஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப், எழுத்துருவோடு ஒட்டிய பாமினி எனப் பல முறைகள் புழங்கின. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளியாகப் பதிவாகும். யூனிக்ஸ் கட்டளை வரியில் அந்தக் குறி வந்தால் கட்டளை அங்கேயே முடிந்துவிடும். ‘ஈ’ எழுத்தின் இடத்தில் இருப்பதோ ‘சிறியது’ என்னும் கணக்குக் குறி. விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்பதே இல்லை. திஸ்கியின் சிக்கல் வேறு. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும்: ‘கோ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் மெய்யே முதலில் வரும். எனவே அட்டவணை வைத்துக் குறிக்குக் குறி மாற்றினால் போதாது, வரிசையையும் திருத்த வேண்டும். லினக்ஸின் ஐகான்வ் கருவி இதைச் செய்கிறது.

தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அத்துடன் தொல்லை தீர்ந்துவிடவில்லை. விருதுநகர் மாவட்ட ஊர்ப்பெயர்களில் கோப்புறைகள் வைத்தால் பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் வில்லங்கம் இல்லை. அவற்றுக்கு ஒரே வடிவம்தான். அருப்புக்கோட்டைக்கு இரண்டு உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யூனிகோடைப் பைட்டுகளாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில் முன்னது 15 குறியீடு, 45 பைட்டு. பின்னது 16 குறியீடு, 48 பைட்டு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் பொதுவாகக் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு ‘அருப்புக்கோட்டை’ கோப்புறைகள் இருக்கக்கூடும். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் ‘ஔ’ எழுத்தும் மட்டுமே இப்படிப் பிரிபவை.

நீளத்திலும் கவனம் வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பின் வரம்பு 255 பைட்டு, அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறியீடுகள்வரை ஏற்பதால், அங்கே செல்லும் பெயர் இங்கே செல்லாமல் போகலாம்.

பெயர்களை மொத்தமாகச் சீர்செய்ய கான்வ்எம்வி உதவும். அது முதலில் என்ன மாறும் என்று காட்டுவதோடு நிற்கும். தனி விருப்பம் கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். மென்பொருள் எழுதுவோர், பெயர்களை ஒப்பிடுமுன் இரண்டையும் சேர்த்தெழுதிய வடிவுக்குக் கொண்டுவருவது நல்லது. சேமித்த பெயரை மட்டும் தொடக்கூடாது.